இருண்ட திரையும் கைவிளக்கும்



பழைய பொருள் ஒன்று பழுதானால், "உழைத்துக் களைத்துவிட்டது, போகட்டும்" என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். புதிதாக வாங்கிய பொருள் சில நாள்களிலேயே பழுதானால் அவ்வாறு தேற்றிக்கொள்ள முடிவதில்லை. அதுவும் கடன் பட்டு வாங்கிய பொருளாயின், பொருள் நின்ற பின்னும் கடன் நிற்பதில்லை. வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கிறது. 2023-ஆம் ஆண்டில் நம் பங்கைச் சேர்ந்த ஓர் ஏழைக் குடும்பத்துக்கு இவ்வாறு நேர்ந்தது. அதில் நாம் நடந்துகொண்ட முறை முழுவதும் நமக்குப் பெருமை தருவதன்று. ஆயினும், பிறர்க்குப் பயன்படலாம் என்ற எண்ணத்தால் நடந்ததை நடந்தவாறே எழுதுகிறோம்.

நம் இளமைக் காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டி என்பது ஊருக்கு ஒன்று இருந்தாலே அதிசயம். இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. சென்னையின் அலைகள் அந்நாளில் தூத்துக்குடிக் கரையை எட்டவில்லை. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாகினி தொடங்கிய பிறகு, கடலுக்கு அப்பாலிருந்து வந்த படமே நம் பக்கத்து ஊர்களுக்கு முதற்படமாயிற்று. பனைமரத்து உயரத்திற்குக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, உச்சியில் ஆண்டெனாவைக் கட்டி, கடலை நோக்கித் திருப்பி வைப்பார்கள். காற்று அடித்தால் படம் ஓடிவிடும். ஒருவர் கூரைமேல் நின்று குழாயைத் திருப்புவார், மற்றொருவர் உள்ளேயிருந்து, "இன்னும் கொஞ்சம்... போதும், போதும்!" என்று கூவுவார். மொழி விளங்காத செய்தியைக்கூட ஊரே திரண்டு பார்த்தது.

இன்று தொலைக்காட்சி இல்லாத வீடு அரிது. 2006-ஆம் ஆண்டிலிருந்து தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியபோது, ஓலைக் குடிசைகளிலும் 14 அங்குலத் திரை ஒளிரலாயிற்று. நாம் சொல்லவந்த குடும்பத்திலும் அப்பெட்டிதான் இருந்தது. பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகள் உப்புக் காற்றையும் மழை ஒழுக்கையும் தாங்கி உழைத்து, ஒருநாள் அதன் படக்குழாய் மங்கி அணைந்தது.

அந்த வீட்டுத் தலைவர் பனையேறும் தொழிலாளி. மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வின்றிப் பல ஆண்டுகளாகக் கட்டிலிலேயே கிடக்கிறார். அவருடைய மனைவி உப்பளத்தில் வேலை செய்கிறார். பொழுது விடியுமுன் புறப்பட்டு, உச்சிப்பொழுதில் வீடு திரும்பி, கணவரைத் துடைத்துப் புரட்டிப் படுக்கவைத்து, மீண்டும் அடுப்படிக்குச் செல்வார். அவர் வேலைக்குச் சென்றிருக்கும் நேரமெல்லாம் கணவருக்கு அந்தப் பெட்டிதான் துணை. நாமும் பிரசங்கத்தில் தொலைக்காட்சியைக் கண்டித்துப் பேசியிருக்கிறோம். குடும்பச் செபத்தை அது கெடுக்கிறது, பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறது என்றெல்லாம் சொல்லியிருக்கிறோம். ஆனால் அசைய முடியாத ஒருவருக்கு அது ஆடம்பரமன்று. சுவரில் திறந்த ஒரு சன்னல்.

ஆகவே அந்த அம்மாள் மகளிர் குழுவில் கடன் வாங்கி, 2023 சூன் முதல் வாரத்தில், அருகிலுள்ள சிறுநகரக் கடையொன்றில் ரூ. 12,500 கொடுத்து 32 அங்குல எல்.இ.டி. தொலைக்காட்சி ஒன்றை வாங்கினார். வாரம் ரூ. 300 திருப்பிச் செலுத்துவதாக ஏற்பாடு. எந்தக் கடையில் வாங்கலாம் என்று கேட்டவர்க்கு அந்தக் கடையைச் சுட்டிக்காட்டியவர்கள் நாமே. கடை உரிமையாளர் நல்ல மனிதர். நம் ஆலயத் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் விளக்கு அலங்காரம் முழுவதையும் தம் செலவில் செய்துகொடுப்பவர். ஊரார் அவரை அண்ணாச்சி என்பார்கள். நாமும் அவ்வாறே அழைப்போம்.

பெட்டி வந்த 11-ஆம் நாள் இரவு திரை இருண்டுவிட்டது. ஒலி மட்டும் தெளிவாக வந்துகொண்டிருந்தது. மறுநாள் வேலைக்குப் போகாமல் அந்த அம்மாள் கடைக்குச் சென்றார். "நாங்கள் விற்பவர்கள்தானே, அம்மா! கம்பெனிக்குப் போன் போடுங்கள், ஆள் வரும்" என்று எண் ஒன்றை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து அவர் நேரே பங்கு இல்லத்துக்கு வந்தார்.

"சாமி, நீங்கள் ஒரு வார்த்தை அண்ணாச்சியிடம் சொன்னால் மாற்றிக் கொடுத்துவிடுவார்."

திருவிழா ஆகஸ்ட் 15. கொடியேற்றத்துக்கு இன்னும் ஏழு வாரங்களே இருந்தன. பந்தல், தேர்ப் பழுதுபார்ப்பு, அன்னதானம் என்று நம் மேசைமேல் தாள்கள் குவிந்திருந்தன. அத்தாள்களில் ஒன்று அண்ணாச்சி ஏற்றுக்கொண்ட விளக்கு அலங்காரத்தின் பட்டியல். அதைப் பார்த்தவாறே அந்த அம்மாளிடம், "புதுப் பொருள்தானே, கட்டாயம் சரிசெய்வார்கள். கொஞ்சம் பொறுமையாக இருங்கள், அம்மா" என்றோம்.

அவர் மறுவார்த்தை பேசாமல் போனார். நாமும் நல்ல ஆலோசனை கூறிவிட்டதாகவே எண்ணிக்கொண்டோம்.

*

சூன் மாத இறுதியில் நிறுவனத்தின் சார்பில் இளைஞர் ஒருவர் வந்தார். பத்து நிமிடம் பார்த்தார். "பேனல் போய்விட்டது. யாரோ அழுத்தியிருக்கிறார்கள். இதற்கு வாரண்டி கிடையாது. புதிதாகப் போட ரூ. 8,500 ஆகும்" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஒரு நாளில் பல வீடுகள் ஏறி இறங்க வேண்டியவர் அவர். ஆனால் ரூ. 12,500 கடனில் இரண்டு தவணை கட்டியிருந்த அந்த அம்மாளுக்கு, மேலும் ரூ. 8,500 என்ற சொல் இடி விழுந்தாற்போல் இருந்தது. இச்செய்தியை அவர் நம்மிடம் வந்து சொல்லவில்லை. பொறுமையாக இருக்கச் சொன்னவரிடம் மறுபடியும் போவானேன் என்று நினைத்திருக்கலாம்.

சூலை 7, மாதத்தின் முதல் வெள்ளி. நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்லும் நாள். அந்த வீட்டில் செபம் முடிந்தபின், கட்டிலில் கிடந்தவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"சாமி, உங்களிடம் நல்ல டார்ச் லைட் ஒன்று இருக்குமா? எங்கள் வீட்டு டார்ச்சில் பாட்டரி தீர்ந்துபோயிற்று."

எதற்கென்று கேட்டோம். பெட்டியைப் போடச் சொன்னார். ஒலி வந்தது, திரை கறுப்பாகவே இருந்தது. நம் கைப்பேசியின் விளக்கை ஏற்றித் திரைக்கு மிக அருகில் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். என்ன விந்தை! ஒளி விழுந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, மங்கலாக ஒரு முகம் அசைந்தது. விளக்கை நகர்த்தினால் படத்தின் அடுத்த பகுதி தெரிந்தது. மூன்று வாரங்களாக மாலை நேரங்களில் மனைவியோ அண்டைவீட்டுச் சிறுவனோ இவ்வாறு டார்ச் பிடிக்க, அம்மனிதர் தொலைக்காட்சி பார்த்து வந்திருக்கிறார்!

குற்றம் சாட்டும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. தாம் கண்டுபிடித்த ஓர் உபாயத்தை மகிழ்ச்சியோடு காட்டினார். அந்த மகிழ்ச்சிதான் நம்மைச் சுட்டது. பங்கு இல்லத்துக்குத் திரும்பிய பிறகு மேசைமேலிருந்த விளக்குப் பட்டியலைப் பார்க்க நமக்குக் கூச்சமாயிருந்தது. நாம் கற்பித்த பொறுமையில் நமக்கு ஒரு செலவும் இல்லை. செலவு முழுவதும் அவ்வீட்டாருடையது. அண்ணாச்சியின் மனம் கோணக்கூடாது என்பதற்காக ஓர் ஏழையின் வாயை அடைத்துவிட்டு, அதற்குப் பொறுமை என்று ஒரு புண்ணியத்தின் பெயரைச் சூட்டியிருந்தோம்.

குருமடத்தில் படித்த பாடம் ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் பெருநூலில், வாங்கல் விற்றல் பற்றித் தனியே ஒரு பகுதி எழுதியிருக்கிறார். விற்கும் பொருளின் குறை விற்பவர்க்கே தெரியாதிருந்தால் அவர்மேல் பாவம் இல்லை. ஆனால் பின்னர்க் குறை தெரியவரும்போது, வாங்கியவரின் இழப்பை அவர் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்பது அவருடைய தீர்ப்பு. தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்தோம். நமக்கு வேண்டியவர் ஒருவரின் கடைவாசலில் இதைச் சொல்ல வேண்டிவரும் என்று அன்று நினைக்கவில்லை.

*

மறுநாளே கடைக்குச் சென்றோம். அண்ணாச்சி அன்போடு வரவேற்றுக் காப்பி வரவழைத்தார். வந்த காரியத்தைச் சொன்னோம். அவர் முகம் மாறிற்று.

"உங்கள் ஊர்க் கரண்டு சரியில்லை, சாமி. ஏறி இறங்கும். அதற்குக் கடை என்ன செய்யும்?"

"பெட்டியின் பின்புறத்தில் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியிருக்கிறதே, அண்ணாச்சி!"

"கம்பெனி ஆளே வந்து, அழுத்தியதால் போனது என்று எழுதிவிட்டானே."

பில்லின் நகலைக் கேட்டோம். அந்த அம்மாளிடம் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு; மேலே 'எஸ்டிமேட்' என்றும் கீழே தொகையும் மட்டும் எழுதப்பட்டிருந்தது. பெட்டியின் எண்ணும் இல்லை, கடையின் வரி எண்ணும் இல்லை. "பில் வேண்டுமென்றால் அன்றைக்கே கேட்டிருக்கலாமே" என்றார் அண்ணாச்சி. பில் கேட்டு வாங்க வேண்டும் என்பது அந்த அம்மாளுக்குத் தெரியாது. அது கடைக்குத் தெரியும்.

நம் பங்கைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவரிடம் பேசினோம். அவர் விளக்கியதிலிருந்து, நாம் எவ்வளவு அறியாமையில் இருந்தோம் என்பது புலனாயிற்று. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாற்றாக 2019-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2020 சூலையில் நடைமுறைக்கு வந்துள்ளது. விற்ற பொருளுக்குப் பில் கொடாமலிருப்பதே அச்சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அவ்வாறே.

30 நாள்கள் என்ற சொல்லைக் கேட்டதும் விரல்விட்டு எண்ணினோம். பெட்டி வாங்கி 35 நாள்கள் ஆகியிருந்தன. அந்த அம்மாள் நம்மிடம் வந்தது 12-ஆம் நாள். அன்றே நாம் எழுத உதவியிருந்தால், பெட்டியைக் கொடுத்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கும் கோரிக்கை உரிய காலத்திலேயே எழுத்தில் நின்றிருக்கும். இப்போது வாய்ப்பேச்சைத் தவிர வேறு சான்று இல்லை. "உரிமை முழுவதும் போய்விடவில்லை, சாமி, வழக்குத் தொடர 2 ஆண்டுக் காலம் உண்டு" என்று வழக்கறிஞர் ஆறுதல் சொன்னார். ஆயினும் எளிய வழி ஒன்று நம் உபதேசத்தாலேயே அடைபட்டுவிட்டது என்பது உண்மை.

அன்று மாலை அந்த வீட்டுக் கட்டிலருகே அமர்ந்து புகார் மனு எழுதினோம். வாங்கிய நாள், கொடுத்த தொகை, திரை இருண்ட நாள், கடைக்குச் சென்ற நாள், இளைஞர் எழுதிக்கொடுத்த தாளின் விவரம் எல்லாவற்றையும் வரிசையாகக் குறித்தோம். 'பெட்டியை யாரும் எவ்வகையிலும் தொடவில்லை' என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்து வாசித்துக் காட்டியபோது அந்த அம்மாள் இடைமறித்தார்.

"சாமி, அது பொய். இரண்டாம் வாரத்தில் ஒருநாள் ஈரத்துணியால் துடைத்தேன். அதையும் எழுதுங்கள்."

நாம் தயங்கினோம். அதை எழுதினால் நிறுவனத்துக்கு அது ஒன்றே போதும், கைகழுவிவிடுவார்கள். "கேட்டால் சொல்லிக்கொள்ளலாமே" என்றோம். ஆம், அவ்வாறு சொன்னவர்கள் நாமே! அவர் தலையசைத்தார்.

"அண்ணாச்சி கடையில் மறைத்தார்கள் என்றுதானே கேட்கப்போகிறோம். நாமும் மறைத்தால் எப்படிக் கேட்பது?"

அவ்வாக்கியத்தை அடித்துவிட்டு அவர் சொன்னவாறே எழுதினோம். அதன் கீழே, திரையின் அருகே விளக்குப் பிடித்தால் படம் தெரிகிறது என்பதையும் சேர்த்தோம். மனுவைக் கடைக்கும் நிறுவனத்துக்கும் பதிவு அஞ்சலில் அனுப்பினோம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-க்கும் பேசினோம். தமிழிலேயே கேட்டுப் பதிவுசெய்துகொண்டு, புகாருக்கு ஓர் எண்ணும் தந்தார்கள்.

*

சூலை மாத இறுதியில் இரண்டாம் முறை ஆள் வந்தார். இவர் நடுவயதினர், அனுபவசாலி. மனுவை முழுவதும் வாசித்துவிட்டு, முதலில் தாமே ஒரு கைவிளக்கை எடுத்துத் திரையருகே பிடித்தார். பிறகு புன்னகையோடு, "ஐயா, பேனல் உயிரோடு இருக்கிறது" என்றார்.

அவர் விளக்கிய செய்தி வாசகர்கள் அறியத் தக்கது. எல்.இ.டி. தொலைக்காட்சி என்று நாம் அழைக்கும் பெட்டியின் திரை தானாக ஒளிர்வதில்லை. முன்னால் இருப்பது ஒளியை விடுவதும் தடுப்பதுமாகப் படத்தை உண்டாக்கும் திரவப் படிகத் தகடு, அதுவே பேனல். அதற்குப் பின்னால் பட்டைபட்டையாகச் சிறு விளக்குகள் இருந்து ஒளி கொடுக்கின்றன. அப்பின்விளக்குகள் அணைந்தால் படம் உருவாகிக்கொண்டே இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. வெளியிலிருந்து ஒளி காட்டினால் மங்கலாகத் தெரியும். அழுத்தியதால் பேனல் உடைந்திருந்தால் சிலந்திவலை போன்ற கீறலோ மை சிந்தியது போன்ற கறையோ காணப்படும். இதில் அவை இல்லை.

பின்புறத்தைக் கழற்றிக் கருவியால் ஒவ்வொரு பட்டையாகச் சோதித்தார். ஒரு பட்டையின் நடுவில் ஒரே ஒரு சிறு விளக்கு கருகியிருந்தது. "திருவிழாவுக்குக் கட்டும் சீரியல் விளக்கைப் போலத்தான் இதுவும். தொடரில் ஒன்று அறுந்தால் மின்சாரம் அதற்குமேல் ஓடாது; அத்தனையும் அணைந்துவிடும்" என்றார்.

ஈரத்துணியைப் பற்றிக் கேட்டோம். "துடைத்தது தவறுதான், அம்மா. நீர் வழிந்து கீழ் ஓரத்துக்குப் போகும். அங்கேதான் மெல்லிய மின்சுற்றுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன; நனைந்தால் பேனலே போய்விடும். உலர்ந்த மெல்லிய துணிதான் நல்லது. ஆனால் இங்கே ஈரம் பட்ட கறையே இல்லை. விளக்கு கருகியதற்கும் துணிக்கும் தொடர்பு இல்லை" என்று சொல்லி, அதையே தம் அறிக்கையிலும் எழுதினார். "நீங்களே எழுதியிருந்ததால்தான் அந்த ஓரத்தைத் தனியாகப் பார்த்தேன்" என்றும் சொன்னார்.

பதினொரே நாளில் பழுதாவானேன் என்று கேட்டதற்கும் விடை சொன்னார். மின்னணுப் பொருள்களின் பழுதுகள் காலம் முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. உற்பத்தியில் நேர்ந்த நுண்ணிய குறை, சரியாகப் பற்றாத ஈயப்பற்று, தரம் குன்றிய ஒரு சிறு உறுப்பு முதலியவை பயன்படுத்தத் தொடங்கிய சில நாள்களிலேயே வெளிப்பட்டுவிடும். அந்தக் கண்டத்தைத் தாண்டிய பெட்டி பெரும்பாலும் பல ஆண்டுகள் உழைக்கும். முதுமையில் மறுபடியும் பழுதுகள் பெருகும். ஆகையால் புதிய பொருள் விரைவில் நின்றுபோனால், வீட்டார்தாம் ஏதோ செய்திருக்க வேண்டும் என்று எண்ணுவது சரியன்று. உத்தரவாதம் என்பது நிறுவனம் இரங்கிக் கொடுக்கும் சலுகையும் அன்று. நாம் கொடுத்த விலையில் அதுவும் அடங்கியிருக்கிறது.

மூன்று நாள்களில் புதிய பின்விளக்குப் பட்டைகள் கட்டணமின்றிப் பொருத்தப்பட்டன. கடையும் பெட்டியின் எண்ணைக் குறித்து முறையான பில் அனுப்பியது. திரை இருண்டு கிடந்த நாள்கள் ஏறத்தாழ 45. அந்நாள்களுக்காகக் கட்டிய ஆறு தவணைகள், ரூ. 1,800, யாராலும் திருப்பித் தரப்படவில்லை. மாவட்ட ஆணையத்தில் அதற்கும் இழப்பீடு கேட்கலாம் என்றார் வழக்கறிஞர். அந்த அம்மாள், "படம் வந்துவிட்டது, போதும் சாமி" என்றார். அந்தப் பொறுமை அவர் தாமே தேர்ந்துகொண்டது. அதை நாம் மதித்தோம்.

அண்ணாச்சி அவ்வாண்டு விளக்கு அலங்காரம் செய்துதரவில்லை. வேலை மிகுதி என்று சொல்லியனுப்பினார். நாம் வாடகைக்கு விளக்குகள் எடுத்தோம். வாயிலில் வழக்கமாக நிற்கும் மூன்று ஒளி வளைவுகளில் ஒன்றே நின்றது. சிலர் நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார்கள். "ஒரு டி.வி.க்காக இத்தனை பெரிய உபகாரியை இழக்கலாமா?" என்று ஆலயக் குழுவிலும் கேள்வி எழுந்தது. அந்த டி.வி. யாருடையது என்பதையும், அதை அவர் எப்படிப் பார்த்துவந்தார் என்பதையும் சொன்னோம். பிறகு யாரும் பேசவில்லை. அடுத்த ஆண்டும் அண்ணாச்சி வரவில்லை. எனினும் வழியில் கண்டால் நின்று பேசுகிறார். அக்கடையில் இப்போது கேட்காமலே பில் கொடுக்கிறார்கள் என்று அவ்வழியே சென்றுவந்தவர்கள் கூறினார்கள்.

*

வாசகர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இவ்வளவே. எந்தப் பொருள் வாங்கினாலும், பொருளின் எண் குறிக்கப்பட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள். அச்செழுத்து மங்கிவிடக் கூடுமாதலால் உடனே ஒரு நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியைக் கடைக்காரரின் முன்னிலையிலோ, பொருத்த வருபவரின் முன்னிலையிலோ பிரித்து இயக்கிப் பாருங்கள். அட்டைப்பெட்டியைச் சில வாரங்களாவது எறியாமல் வைத்திருங்கள். பழுது கண்ட அன்றே, தேதியிட்டு எழுத்தில் தெரிவியுங்கள். பின்மூடியை நீங்களே கழற்றாதீர்கள். உத்தரவாதமும் போகும், உள்ளே தங்கியிருக்கும் மின்சாரத்தால் ஆபத்தும் உண்டு. தீர்வு கிட்டாவிட்டால் 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம், ரூ. 5 லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம்.

மனுவில் உங்களுக்குச் சாதகமானதை மட்டும் எழுதாமல் நடந்தது முழுவதையும் எழுதுங்கள். இதை நாம் குருமடத்தில் கற்றிருந்தும், அந்த உப்பளத் தொழிலாளியிடமே மீண்டும் கற்க வேண்டியிருந்தது.

எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும், ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ளவர்களுக்கும் இன்னும் ஒரு வார்த்தை. உங்களை நம்பி ஒருவர் முறையீட்டோடு வரும்போது, "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுமுன், அந்தப் பொறுமைக்கு விலை கொடுப்பவர் யார் என்று எண்ணிப்பாருங்கள். ஒரு மணி நேரம் அவரோடு அமர்ந்து ஒரு தாள் எழுதிக்கொடுக்க முடியுமானால், அதை அன்றைக்கே செய்துவிடுங்கள்.

சென்ற மாத முதல் வெள்ளியன்று அந்த வீட்டுக்குச் சென்றிருந்தோம். பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நற்கருணைக்காக அதை நிறுத்தச் சொன்னார் அவர். நாம் புறப்படும்போது, "சாமி, அந்த டார்ச் இன்னும் தலைமாட்டில்தான் இருக்கிறது" என்று சிரித்தார். அவர் கேட்டிருந்தாரே என்று, அந்தச் சூலை மாதத்தில் நாம் வாங்கிக்கொடுத்த டார்ச் அது. இப்போது இரவில் மின்சாரம் நின்றால் மனைவியைக் கூப்பிட்டு எழுப்பாமல் தாமே தண்ணீர்க் குவளையைத் தேடி எடுக்க அது உதவுகிறதாம்.